நடுவயதுச் சாவும் நாள்பட்ட நோயும்

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதரைப் பற்றிப் பேசும்போது நாம் பௌத்தத்தைப் பேசுகிறோம், 1907இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைப் பேசுகிறோம், பூர்வீக வரலாற்றைப் பேசுகிறோம். அவர் ஒரு சித்த மருத்துவர் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். அவரைத் தேடி வந்தவர்கள் பலரும் முதலில் நோயாளிகளாகத்தான் வந்திருப்பார்கள். அதனால் அவர் நினைவாகப் பேச அழைத்தபோது, நம் மக்களின் நோயைப் பற்றியே பேசலாம் என்று முடிவு செய்தேன்.

அவர் காலத்தில் சேரிகளைக் காலி செய்தவை பஞ்சமும் காலராவும் பிளேக்கும். அந்தச் சாவுகள் கூட்டமாக வந்தன, கண்ணுக்குத் தெரிந்தன. இன்று நம் காலனிகளில் நடக்கும் சாவு வேறு மாதிரியானது. தெருவுக்கு ஒருவராக, ஆறு மாதத்துக்கு ஒருவராக, நாற்பது ஐம்பது வயதில் போகிறார்கள். ‘அட்டாக்’ என்கிறோம், ‘சுகர் முத்திப்போச்சு’ என்கிறோம், ‘கிட்னி போயிடுச்சு’ என்கிறோம். பறை அடித்து எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வருகிறோம். இவை ஒவ்வொன்றும் தனித்தனி விதியாகத் தெரிகின்றன. சேர்த்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். அதைத்தான் இன்று விளக்கப் போகிறேன்.

என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு ரோலிங் மில்லில் ஒப்பந்தத் தொழிலாளி. பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் குறடால் பிடித்துத் தள்ளுகிற வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். அவருக்கு 42 வயதில் ஒரு முகாமில் பி.பி. பார்த்தார்கள். 180க்கு 110 என்று சொல்லிப் பத்து நாள் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தீர்ந்தது. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. அடுத்த மாத்திரைக்கு ஒரு நாள் கூலியை விட வேண்டும். விடவில்லை. 46 வயதில் ஓர் இரவு ஷிப்டில் வாய் கோணி விழுந்தார். சென்னைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் விடிந்துவிட்டது. மூன்றாம் நாள் இறந்தார். மருத்துவமனைக் காகிதத்தில் இதயமும் மூச்சும் நின்றதால் மரணம் என்று எழுதியிருந்தார்கள். “நல்லாத்தானேப்பா வேலைக்குப் போனாரு” என்று அண்ணி இன்றைக்கும் சொல்கிறார். அவர் சொல்வது சரிதான். நாள்பட்ட நோயின் இயல்பே அதுதான். நன்றாக இருப்பது போலவே பல வருடம் இருக்கும்.

நாள்பட்ட நோய் என்றால் என்ன

ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாத, வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கக் கூடவே இருக்கும் நோய்களைத் தொற்றா நோய்கள் அல்லது நாள்பட்ட நோய்கள் என்கிறோம். இதய நோயும் பக்கவாதமும், புற்றுநோய், நாள்பட்ட நுரையீரல் நோய், நீரிழிவு ஆகிய நான்கும் முதன்மையானவை. சிறுநீரகச் செயலிழப்பையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் இந்நோய்களால் உலகம் முழுக்க 4 கோடியே 30 லட்சம் பேர் இறந்தார்கள். இதயம், இரத்தக்குழாய் நோய்களால் 1 கோடியே 90 லட்சம், புற்றுநோயால் 1 கோடி, நுரையீரல் நோய்களால் 40 லட்சம், நீரிழிவாலும் அது உண்டாக்கும் சிறுநீரக நோயாலும் 20 லட்சத்துக்கு மேல். இவர்களில் 1 கோடியே 80 லட்சம் பேர் 70 வயதைத் தொடாமல் இறந்தவர்கள். 70க்கு முன் வரும் இந்தச் சாவைத்தான் ‘முன்கூட்டிய மரணம்’ என்கிறார்கள். அப்படி இறந்தவர்களில் 82 விழுக்காட்டினர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

இவை பணக்கார வியாதிகள் என்று நாம் கேட்டு வளர்ந்தோம். நெய்யும் கறியும் தின்று, உடல் அசையாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வருவது என்று நினைத்தோம். 2020இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஓர் ஆணையம் உலகின் மிக ஏழைகளான நூறு கோடிப் பேரை மட்டும் எடுத்து ஆராய்ந்தது. அவர்களின் நோய்ச்சுமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொற்றா நோய்களும் காயங்களும்தான். அவற்றால் 40 வயதுக்குள்ளேயே ஆண்டுக்கு ஏறக்குறைய 8 லட்சம் ஏழைகள் இறக்கிறார்கள். அதே வயதில் எச்.ஐ.வி., காசநோய், பேறுகாலம் ஆகிய மூன்றிலும் இறப்பவர்களைக் கூட்டினாலும் இந்த எண்ணுக்குக் குறைவு. ஆனாலும் ஏழை நாடுகளின் சுகாதாரத்துக்கு வரும் பன்னாட்டு உதவியில் தொற்றா நோய்களுக்குக் கிடைப்பது 1 முதல் 2 விழுக்காடு அளவுதான்.

இந்தியாவிலும் இதே கதை. 1990இல் நாட்டின் மொத்தச் சாவுகளில் 37.9 விழுக்காடு தொற்றா நோய்களால் நடந்தது. 2016இல் அது 61.8 விழுக்காடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளிவந்தபோது நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது.

சாதியும் ஆயுளும்

இந்தக் கணக்குகளில் சாதி எங்கே இருக்கிறது? அரசின் சாவுக் கணக்கில் பெரும்பாலும் இல்லை. இருக்கும் ஆய்வுகள் குறைவு. அவற்றில் முக்கியமான ஒன்று 2022இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாதமி இதழில் வந்தது. உத்தரப்பிரதேசம், பீகார், ஒடிசா உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களின் தரவை வைத்துப் பார்த்ததில், உயர்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுள் மூன்று ஆண்டுக்கு மேல் குறைவு, ஆதிவாசிகளின் ஆயுள் நான்கு ஆண்டுக்கு மேல் குறைவு, முஸ்லிம்களின் ஆயுள் ஏறத்தாழ ஓராண்டு குறைவு. ஏழ்மைதான் காரணம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. பொருளாதார வேறுபாட்டைக் கழித்துவிட்டுப் பார்த்தபோதும் இடைவெளியில் பாதிக்கு மேல் அப்படியே நின்றது. அந்த ஒன்பது மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. ஆனால் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்கு வந்திருக்கும் தோழர்கள் அந்தக் கணக்குக்குள் இருப்பவர்கள்.

இன்னொரு எண்ணை நம் மேடைகளில் அடிக்கடி சொல்கிறோம். தலித் பெண்ணின் ஆயுள் 39.5 ஆண்டு, உயர்சாதிப் பெண்ணின் ஆயுள் 54.1 ஆண்டு என்று. இது ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கையில் வந்தது. மாணவர்கள் இதைக் கவனமாகப் பயன்படுத்துங்கள். அது எதிர்பார்க்கப்படும் ஆயுள் அன்று. கணக்கெடுப்புக்கு முந்தைய காலத்தில் இறந்தவர்களின் சராசரி வயது. குழந்தைச் சாவுகளும் அதில் உண்டு. இளவயதினர் அதிகமுள்ள சமூகத்தில் அந்தச் சராசரி தானாகவே கீழே இறங்கும். அநீதி உண்மையானது. ஆனால் தவறான எண்ணைச் சொன்னால் எதிராளி எண்ணைப் பிடித்துக்கொண்டு அநீதியையே மறுத்துவிடுவான்.

நோய் எப்படி உடம்புக்குள் வருகிறது

முதல் வழி தாயின் கருப்பை. இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர் 1980களின் இறுதியில் பழைய பிறப்புப் பதிவேடுகளை எடுத்து ஆராய்ந்தார். எடை குறைவாகப் பிறந்த குழந்தைகள், அறுபது எழுபது ஆண்டு கழித்து இதய நோயால் அதிகம் இறந்திருந்தார்கள். பிறகு நீரிழிவுக்கும் இதே தொடர்பு தெரிய வந்தது. புனேயில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் நம் நாட்டுக் குழந்தைகளை அளந்து பார்த்தார்கள். எடை குறைவாக, தசை குறைவாகப் பிறக்கும் நம் குழந்தைகளின் உடலில் கொழுப்பின் பங்கு மட்டும் குறையவில்லை. வயிற்றில் பட்டினி கிடந்த சிசு, கிடைப்பதைச் சேமித்து வைக்கப் பழகிக்கொள்கிறது. பின்னாளில் அரிசிச் சோறும் சர்க்கரை டீயும் தாராளமாகக் கிடைக்கும்போது அந்த உடலால் தாங்க முடிவதில்லை.

இதை நம் மொழியில் சொல்லிப் பாருங்கள். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களின் நெல் வயல்களில் கூலி நெல்லுக்கு நடவு நட்ட நம் பாட்டி, அம்மா வயிற்றில் இருக்கும்போது அரை வயிற்றுக் கஞ்சி குடித்தாள். அம்மா அதே நிலையில் நம்மைப் பெற்றாள். அந்தப் பட்டினியின் கணக்கு நம் 45 வயதில் சுகராக வருகிறது. ‘வாயைக் கட்டு’ என்று அறிவுரை சொல்கிறவர்களுக்கு, அந்த வாய் ஏற்கெனவே இரண்டு தலைமுறை கட்டிக் கிடந்தது என்பது தெரியாது.

இரண்டாவது வழி தட்டு. தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம். அது பட்டினிச் சாவைத் தடுத்த பெரிய காரியம், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் தட்டில் சோறு நிறைந்த அளவுக்குப் பருப்பும் முட்டையும் கீரையும் கறியும் நிறையவில்லை. இரவு ஷிப்ட் தொழிலாளியின் சாப்பாடு பரோட்டா, வடை, நாலு டீ. உப்பும் எண்ணெயும் மாவும் மலிவு, புரதமும் பழமும் விலை அதிகம். மலிவான புரதமான மாட்டுக்கறியை வைத்தோ நம்மை இழிவு செய்கிறார்கள்.

மூன்றாவது வழி வேலை. இதை மருத்துவ முகாம்களில் யாரும் கேட்பதில்லை. “பீடி பிடிப்பீங்களா, குடிப்பீங்களா” என்று கேட்கிறார்கள். “என்ன வேலை செய்யறீங்க” என்று கேட்பதில்லை. வேலை என்னவெல்லாம் செய்யும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

உலை வெப்பத்தில் மணிக்கணக்கில் நின்று, குடிக்கத் தண்ணீரும் ஒதுங்க இடமும் இல்லாமல் வேலை செய்தால் சிறுநீரகம் கெடும். நிகரகுவா, எல்சால்வடார் நாடுகளின் கரும்பு வெட்டும் தொழிலாளர்களிடம், சர்க்கரையும் பி.பி.யும் இல்லாமலேயே சிறுநீரகம் செயலிழப்பதை மருத்துவர்கள் கண்டார்கள். வெயிலும் நீரிழப்பும் அதில் முக்கியக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. இலங்கையில் அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதி விவசாயிகளிடம் 1990களிலிருந்து காரணம் முழுதாகப் பிடிபடாத சிறுநீரக நோய் பேசப்படுகிறது. செங்கல் சூளையில், உப்பளத்தில், உலைக்கு முன்னால் நிற்கும் உடலும் இதே வெப்பத்தைத்தான் தாங்குகிறது.

பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் பிரிக்கும் வேலையில் ஈயப் புகை மூச்சோடு உள்ளே போகும். ஈயம் இரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். வார்ப்படச் சாலையின் மணல் தூசியும் கல் குவாரித் தூசியும் சிலிக்கோசிஸ் நோயைக் கொண்டுவரும். அதை எக்ஸ்ரேயில் பார்த்துக் காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுப்பது நாடு முழுக்க நடக்கிறது. சிலிக்கோசிஸ் என்று எழுதினால் இழப்பீடு, காசநோய் என்று எழுதினால் அது தொழிலாளியின் தலைவிதி.

வேலை நேரமும் ஒரு நோய்க்காரணிதான். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் ஒரு கணக்கை வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரம் அல்லது அதற்கு மேல் வேலை செய்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவரைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடு அதிகம், இதய நோயால் சாகும் ஆபத்து 17 விழுக்காடு அதிகம். என் அண்ணன் வாரத்தில் ஆறு நாள், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்தார். பெருக்கிக்கொள்ளுங்கள், 72 மணி நேரம்.

நான்காவது வழி காற்று. 2.5 மைக்ரானுக்குக் குறைவான நுண்துகள் நுரையீரலோடு நிற்காது, இரத்தத்தில் கலந்து இதயத்துக்கும் மூளைக்கும் போகும். ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. இந்திய அரசின் வரம்பு 40. ஆலைக்குள் புகையைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வரும் தொழிலாளியின் வீடும் பெரும்பாலும் அதே ஆலையின் மதிலுக்குப் பக்கத்துக் காலனியில்தான் இருக்கிறது. வீட்டில் பெண்கள் விறகடுப்புப் புகையைத் தனியாகக் குடிக்கிறார்கள்.

நம் மாவட்டத்தின் நிலம்

1997இல் செங்கல்பட்டிலிருந்து பிரிந்த திருவள்ளூர் மாவட்டத்தில், 2011 கணக்கெடுப்பின்படி 37 லட்சத்து 28 ஆயிரம் மக்கள். அதில் பட்டியல் சாதியினர் 22 விழுக்காடு. அதாவது ஐந்தில் ஒருவருக்கு மேல். இருளர் மக்கள் தனி. இந்த மாவட்டத்தில்தான் கும்மிடிப்பூண்டி சிப்காட் வந்தது, வடசென்னை அனல்மின் நிலையமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தன.

கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தேர்வாய் கண்டிகை என்ற ஊரை உங்களில் பலர் அறிவீர்கள். பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் ஊர். அவர்கள் ஆடுமாடு மேய்த்த, சுள்ளி பொறுக்கிய, மூலிகையும் பழமும் எடுத்த ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மேய்ச்சல் நிலமும் புதர்க்காடும் சிப்காட் தொழிற்பூங்காவாக்கப்பட்டது. ஊர் மக்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், நீதிமன்றம் போனார்கள். அங்கே மிச்செலின் டயர் ஆலை அமைய 2009இல் ஒப்பந்தம் ஆனது. 2012இல் ஊர் மக்கள் தொழிற்சங்கங்களுடனும் அமைப்புகளுடனும் சேர்ந்து பிரான்சு நாட்டிலுள்ள ஓ.இ.சி.டி. தொடர்பு அலுவலகம் வரைக்கும் புகாரைக் கொண்டுபோனார்கள்.

அந்தப் போராட்டத்தை நிலப் போராட்டம் என்று பதிவு செய்திருக்கிறோம். அதை உடல்நலப் போராட்டமாகவும் வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து. மேய்ச்சல் நிலம் போனால் மாடு போகும். மாடு போனால் வீட்டுப் பால் போகும், அவசரத்துக்கு விற்கும் கையிருப்பு போகும். கீரையும் கிழங்கும் காசுக்கு வாங்கும் பொருளாகும். யாருக்கும் கைகட்டாமல் பிழைத்தவர் கான்ட்ராக்டரிடம் போய் நிற்க வேண்டியவராவார். மேலே சொன்ன நாலு வழிகளில் மூன்று அங்கேயே திறந்துவிடுகின்றன.

சாவைத் தடுக்க முடியாதா

முடியும். பி.பி. மாத்திரை விலை மலிவானது. பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒன்றோ இரண்டோ போதும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் ஏற்பட்டதிலிருந்து அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் ஏற்பாடு இந்தியாவுக்கே முன்மாதிரி. ஆனால் மருந்து இருப்பதும் அது நோயாளியின் வயிற்றுக்குள் தினமும் போவதும் வேறு வேறு.

2020இல் தமிழ்நாட்டில் எடுத்த மாநில அளவிலான கணக்கெடுப்பில் வயது வந்தோரில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம், 17.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. பி.பி. உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 விழுக்காட்டினருக்கு. சுகர் கட்டுக்குள் இருந்தது 10.8 விழுக்காட்டினருக்கு. நூறு பி.பி. நோயாளிகளில் தொண்ணூற்று மூன்று பேர் கட்டுப்பாடில்லாமல் நடமாடிக்கொண்டிருந்தார்கள். என் அண்ணன் அந்தத் தொண்ணூற்று மூன்றில் ஒருவர்.

இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் 2021 ஆகஸ்ட் 5இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பி.பி. பார்க்கிறார், மாத்திரை தருகிறார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய்தணிப்புச் சேவையும் உண்டு. 2024இல் இத்திட்டத்துக்கு ஐ.நா. விருதும் கிடைத்தது. 2023இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். இவை நல்ல திட்டங்கள். நல்லதை நல்லது என்று சொல்லிவிட்டுத்தான் ஓட்டையைக் காட்ட வேண்டும்.

ஓட்டை இதுதான். தன்னார்வலர் பகலில் வருகிறார். பகலில் வீட்டில் இருப்பவர்கள் முதியவர்களும் சில பெண்களும். 30 வயதிலிருந்து 55 வயது வரை உள்ள தொழிலாளி ஆலையில் இருக்கிறார், அல்லது இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிறார். ரேஷன் அட்டை இங்கே இல்லாத வெளிமாநிலத் தொழிலாளி ஆலைக் கொட்டகையில் இருக்கிறார். இதை உணர்ந்து 2024இல் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ என்று ஆலைக்கே போய்ச் சோதிக்கும் ஏற்பாடு வந்தது. அந்த முகாம் வரும் நாளில் நிரந்தரத் தொழிலாளி வரிசையில் நிற்கிறாரா, ஒப்பந்தத் தொழிலாளியும் நிற்கிறாரா என்று பார்ப்பது நம் வேலை.

பாபாசாகேப் கட்டிய கூரை

1942 முதல் 1946 வரை அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். தொழிலாளர் நோய்க் காப்பீட்டுக்குத் திட்டம் தீட்டப் பேராசிரியர் அதார்கர் 1943இல் நியமிக்கப்பட்டதும், 1944இல் அவர் அறிக்கை தந்ததும் அந்தக் காலத்தில்தான். அந்த அறிக்கையிலிருந்து பிறந்ததுதான் 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம். வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்ற வரம்பும் 1946இல் வந்தது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியதும், தொழிலாளர் எதிர்ப்பால் மே நாளன்று திரும்பப் பெறப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். முன்னே சொன்ன 35 விழுக்காட்டுப் பக்கவாதக் கணக்கோடு அந்த மசோதாவை வைத்துப் பாருங்கள்.

ஈ.எஸ்.ஐ.யில் என்ன உரிமை இருக்கிறது என்று நம் தொழிலாளிக்கே தெரியாது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் இதில் வருவார். சம்பளத்தில் தொழிலாளி 0.75 விழுக்காடு, முதலாளி 3.25 விழுக்காடு கட்ட வேண்டும். குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. நோயால் வேலைக்குப் போக முடியாவிட்டால் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 விழுக்காடு சம்பளம் கிடைக்கும். அதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். பக்கவாதம், புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு 80 விழுக்காடு சம்பளம் இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுத் தொடர் வேலை காட்ட வேண்டும்.

இங்கேதான் ஒப்பந்தமுறை கழுத்தை அறுக்கிறது. என் அண்ணன் அதே மில்லில், அதே உலைக்கு முன்னால் ஒன்பது வருடம் நின்றார். ஆனால் காகிதத்தில் மூன்று கான்ட்ராக்டர்கள், மூன்று ஈ.எஸ்.ஐ. எண்கள், நடுவில் சந்தாவே கட்டாத மாதங்கள். ஒருவருக்கு வாழ்நாள் முழுக்க ஒரே எண்தான் இருக்க வேண்டும் என்பதும், கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் முதன்மை முதலாளியே பொறுப்பு என்பதும் அவருக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் 42 வயதில் விடுப்பு எடுத்து மாத்திரை வாங்கியிருப்பார்.

பாபாசாகேப் தாமே நீரிழிவு நோயாளி. கடைசி ஆண்டுகளில் கால் நரம்பு வலியோடும் மங்கிய பார்வையோடும் எழுதினார். 1956 டிசம்பர் 6இல் இறந்தபோது அவருக்கு 65 வயது. இன்றைய உலகக் கணக்கில் அதுவும் ஒரு முன்கூட்டிய மரணம்.

நாம் செய்யக்கூடியவை

ஒன்று. 30 வயது தாண்டிய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பி.பி., சுகர் பார்க்க வேண்டும். 140க்கு 90 என்ற எண்ணை ஓட்டர் எண்ணைப் போல எல்லோருக்கும் தெரிய வையுங்கள். இரவுப் பாடசாலை நடத்தும் தோழர்கள் அங்கே ஒரு பி.பி. கருவி வாங்கி வையுங்கள். தொந்தரவு இல்லை என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதை ஒரு முழக்கமாகவே ஆக்குங்கள். பக்கவாதம் வந்தால் நான்கரை மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பயன்படும். வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் 108ஐ அழையுங்கள்.

இரண்டு. தொழிற்சங்கத் தோழர்கள் ஒவ்வொரு ஒப்பந்தத் தொழிலாளியின் ஈ.எஸ்.ஐ. எண்ணையும் சந்தா விவரத்தையும் இணையத்தில் எடுத்துப் பார்க்க உதவுங்கள். இரண்டு எண் இருந்தால் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இதை நோய் வருவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

மூன்று. மருத்துவரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும், என்ன வேலை, எத்தனை வருடம், என்ன புகை, என்ன தூசி என்று சொல்லுங்கள், சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி பின்னால் இழப்பீட்டு வழக்கில் சாட்சியாகும்.

நான்கு. கிராம சபையில் கேள்வி கேளுங்கள். நம் காலனிக்குத் தன்னார்வலர் யார், எந்த நேரம் வருகிறார், ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா, ஊரில் எத்தனை பேருக்குப் பி.பி. கட்டுக்குள் இருக்கிறது என்று கேளுங்கள். பெண்களுக்குக் கருப்பைவாய், மார்பகப் புற்றுநோய்ச் சோதனை எங்கே நடக்கிறது என்றும் கேளுங்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய் நேரத்தில் கண்டால் தடுக்கக்கூடியது. நம் பெண்கள் அதைக் கடைசிக் கட்டத்தில்தான் போய்ச் சொல்கிறார்கள்.

ஐந்து. இது மாணவர்களுக்கு. 2020இல் இந்தியாவில் பதிவான சாவுகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தது 22.5 விழுக்காட்டுக்குத்தான். எழுதிய இடத்திலும் ‘இதயமும் மூச்சும் நின்றது’ என்று எழுதினால் அது காரணம் ஆகாது. எந்தச் சாவிலும் இதயமும் மூச்சும் நிற்கத்தான் செய்யும். எதனால் நின்றது என்பதுதான் கேள்வி. இந்தியப் பதிவாளர் தலைமை அலுவலகத்தோடு சேர்ந்து நடந்த ‘மில்லியன் டெத்’ ஆய்வில் வீடு வீடாகப் போய், இறந்தவரின் குடும்பத்தைக் கேட்டு, அறிகுறிகளை எழுதி, மருத்துவர்களிடம் காட்டிக் காரணத்தைக் கண்டார்கள். உங்கள் காலனியில் கடந்த ஐந்து வருடத்தில் 70 வயதுக்கு முன் இறந்தவர்களின் பட்டியலை எடுங்கள். வயது, வேலை, நோய், எப்போது தெரிந்தது, எங்கே சிகிச்சை, கடைசியில் என்ன நடந்தது என்று குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுங்கள். பக்கத்து ஊர்த் தெருவிலும் அதே கேள்விகளைக் கேட்டு எழுதி, இரண்டையும் அருகருகே வையுங்கள். நம் மாவட்டத்தில் சாதிக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் முதல் காகிதம் உங்கள் கையில் இருக்கும்.

உலக நாடுகள் 70 வயதுக்கு முந்தைய இந்தச் சாவுகளை 2030க்குள் மூன்றில் ஒரு பங்கு குறைப்பதாக ஐ.நா.வில் ஒப்புக்கொண்டிருக்கின்றன. இந்தியாவும் அதை ஏற்றிருக்கிறது. அந்த மூன்றில் ஒரு பங்கு எந்தத் தெருவில் குறைகிறது என்று யாராவது எண்ண வேண்டும்.

என் அண்ணனுடைய மகன் இப்போது அதே சிப்காட்டில் வேறோர் ஆலையில் வேலைக்குப் போகிறான். 24 வயது. போன மாதம் அவனை உட்காரவைத்துப் பி.பி. பார்த்தேன். 136க்கு 88. அவனுடைய ஈ.எஸ்.ஐ. எண்ணை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு நோட்டு போடுங்கள்.